முதல் சொம்பு

பாளையம்பட்டியில் அந்தக் காலத்தில் குழாய் இருந்த வீடு ஒன்றே ஒன்றுதான். அந்தக் குழாய்க்குப் பூட்டும் இருந்தது. சாவி ஞானப்பூவின் இடுப்பில் செருகியிருக்கும். பெட்டிச் சாவியை ஆணியில் தொங்கவிட்டுத் தண்ணீர்ச் சாவியை இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்த பொம்பளை, எனக்குத் தெரிந்து அவள் ஒருத்திதான்.

எங்கள் பக்கத்துக் கிணறுகளை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மழை பெய்த வருஷத்தில் தண்ணீர் உப்பாக இருக்கும். பெய்யாத வருஷத்தில் உப்போடு கசப்பும் சேரும். அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, தலைக்கு ஊற்றினால் முடி சிக்குப் பிடிக்கும். ஆனாலும் அதைக் குடித்துத்தான் நாங்கள் வளர்ந்தோம். வெளியூர்க்காரன் ஒரு மடக்குக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தால் எங்களுக்குக் கோபம்கூட வரும்.

ஞானப்பூ மட்டும் அந்தத் தண்ணீரை மன்னிக்கவே இல்லை. அவள் பெற்ற பிள்ளைகளில் செல்வதுரை ஒருவன்தான் தங்கினான். மற்றவை பால்குடி மறக்கும் முன்பே கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விட்டன. காய்ச்சல் என்றார்கள், கணை என்றார்கள், ஆண்டவர் சித்தம் என்று பங்குச் சாமியார் சொன்னார். "உப்புத் தண்ணிதான் என் பிள்ளைகளைத் தின்னுச்சு" என்று ஞானப்பூ சொன்னாள். யார் சொல்லியும் அதை மாற்றிக்கொள்ளவில்லை. புருஷன் இறந்தபிறகு மகனுக்குப் பெண் பேசப் போன இடத்தில், நகை நட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், "என் வீட்டுக்கு வர்ற பிள்ளை வாயில உப்புத் தண்ணி படாது" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். பெண் வீட்டாருக்கு அது பெரிய சீராகத்தான் பட்டது.

செல்வதுரை அருப்புக்கோட்டையில் ஒரு பஞ்சு அரவை ஆலையில் இஞ்சின் பார்க்கிற வேலையில் இருந்தான். உலகச் சண்டை முடிந்து, பட்டாளத்து முகாம் ஒன்றைக் கலைத்துச் சாமான்களை ஏலம் விட்ட நேரம். அம்மாவின் வாக்கைக் காப்பாற்ற அவன் அங்கே போய், பெரிய இரும்புத் தொட்டி ஒன்றையும் குழாய்ச் சுருள் ஒன்றையும் மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தான். ஈயக் குழாய். கையால் வளைத்தால் வளையும், துரு ஏறாது, பேரன் காலத்துக்கும் கிடக்கும் என்று ஏலக்காரர் சொல்லியிருந்தார்.

காரைவீட்டு மெத்தைத் தளத்தில் விழுகிற மழை, வேப்ப மரத்தடியில் இருந்த தொட்டிக்கு வந்து சேரும்படி செல்வதுரை தகர வாய்க்கால் வைத்தான். தொட்டியிலிருந்து முற்றத்து மண்ணுக்கடியில் ஈயக் குழாயைப் புதைத்துக் கொண்டுபோய், அடுப்படி வெளிச்சுவரில் பித்தளைத் திருகு வைத்து முடித்தான். தெருவே திரண்டு வந்து பார்த்தது. ஈயம் என்பதை யாரும் யாரிடமும் மறைக்கவில்லை. வந்தவர்களிடமெல்லாம் பெருமையாகத்தான் சொன்னார்கள்.

பந்தல்குடியிலிருந்து சவுந்தரம் மருமகளாக வந்தாள். அந்த ஐப்பசியில் நல்ல மழை. தொட்டி நிரம்பியது. அடுத்த மழை எப்போது வருமோ, நம்ப முடியாது. அதனால் ஞானப்பூ குழாய்க்குப் பூட்டுப் போட்டாள். அந்தத் தண்ணீர் மருமகளுக்கு மட்டும்தான். காலையில் எழுந்ததும் முதல் வேலையாகத் திருகைத் திறந்து ஒரு சொம்பு பிடிப்பாள். இரவெல்லாம் மண்ணுக்கடியில் குழாய்க்குள் கிடந்த தண்ணீர், புதுப் பானையில் வைத்ததைவிடக் குளிர்ந்திருக்கும். அதைச் சவுந்தரத்தின் கையில் கொடுத்து, குடித்து முடிக்கும்வரை நின்று பார்ப்பாள். மத்தியானம் ஒரு சொம்பு, பொழுது சாய ஒரு சொம்பு. ஒரு சொம்புக்கு மேல் ஒரு சொட்டு விடமாட்டாள்.

மகனுக்குக்கூட அதில் பங்கில்லை. ஒருநாள் அவன் ஆலையிலிருந்து தாகத்தோடு வந்து சொம்பை எடுக்கப் போனபோது, "உனக்கு எதுக்குய்யா, நீ உப்புல ஊறுன ஊறுகா" என்று பிடுங்கி வைத்துவிட்டாள். பக்கத்து வீட்டு மூக்கம்மாள் ஒரு விசேஷத்துக்குப் பருப்பு வேகவைக்க ஒரு குடம் கேட்டாள்.

"ஏன் மூக்கம்மா, பருப்பு வேகலைன்னா என்ன, சாப்பிட வர்றவுகளுக்குப் பல்லு இல்லையா?" என்றாள் ஞானப்பூ.

மூக்கம்மாள் அந்தப் பேச்சை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள். மாமியார்க்காரி மருமகளைத் தாங்குகிற தாங்கலைப் பார்த்து மற்ற வீட்டு மருமகள்கள் பெருமூச்சு விட்டார்கள்.

தை பிறந்தபோது சவுந்தரம் முழுகாமல் இருந்தாள். நாலாம் மாதத்தில் அது தங்காமல் போயிற்று. பந்தல்குடிக்குப் போய் அம்மா வீட்டில் இருந்து, உடம்பு தேறி வந்தாள். ஞானப்பூ தனக்குள் ஒரு கணக்குப் போட்டாள். கல்யாணத்துக்கு முன்னால் அத்தனை வருஷம் குடித்த உப்பு, உடம்பை விட்டுப் போக நாளாகத்தான் செய்யும்; நல்ல தண்ணீரை இன்னும் கொஞ்சம் கூட்டிக் கொடுக்க வேண்டும். கூட்டிக் கொடுத்தாள்.

மறுபடியும் உண்டாகி, இந்தத் தடவை ஆறாம் மாதத்தில் போயிற்று. அதற்குள் சவுந்தரத்துக்கு வேறு உபத்திரவங்களும் வந்துவிட்டன. தொப்புளைச் சுற்றி முறுக்கிப் பிடிக்கும். வெளிக்குப் போகாது. சோற்றைக் கண்டால் குமட்டும். முகம் வெளுத்துப்போய், கையில் பிடித்த சொம்பு தானாக நழுவி விழும். பந்தல்குடிக்குப் போனால் மெல்லத் தேறிவிடுவாள். பாளையம்பட்டிக்கு வந்து கொஞ்ச நாள் ஆனால் மறுபடியும் படுத்துக்கொள்வாள்.

கண்ணிருக்கிற யாரும் கணக்குப் போடத்தான் செய்வார்கள். சவுந்தரத்தின் அம்மா தெரசாள் போட்டாள். அம்மா வீட்டில் நன்றாக இருக்கிற பெண், மாமியார் வீட்டில் மட்டும் ஏன் படுக்கிறாள்? எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரே பதில்தான். மருந்து வைத்துவிட்டார்கள். வேண்டாத ஆளுக்குச் சோற்றிலோ பலகாரத்திலோ எதையாவது கலந்து கொடுத்துவிட்டால், அது வயிற்றில் ஒட்டிக்கொண்டு ஆளை உருக்கும் என்பது நம்பிக்கை. அதை எடுக்கிறதற்கென்றே ஆட்கள் உண்டு. தெரசாள் மகளைத் திருச்சுழிப் பக்கம் சோலையம்மாளிடம் கூட்டிக்கொண்டு போனாள்.

சோலையம்மாள் சவுந்தரத்தின் வயிற்றில் வாயை வைத்து உறிஞ்சி, வாழையிலையில் துப்பினாள். மயிரும் மாவுமாக ஒரு உருண்டை விழுந்தது. "அடுப்படிக்குள்ள பொழங்குற கைதான் குடுத்திருக்கு" என்றாள். எந்த வீட்டு அடுப்படியில்தான் ஒரு கை புழங்காமல் இருக்கிறது? அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு சோலையம்மாள் எத்தனையோ குடும்பங்களைப் பிரித்திருக்கிறாள். தெரசாள் பூசைக்குப் போகிறவள். மருந்து எடுக்கப் போனது பாவம் என்று தெரிந்து, சாமியாரிடம் பாவசங்கீர்த்தனமும் செய்துவிட்டாள். நம்பியதை மட்டும் விடவில்லை.

சவுந்தரம் நம்பவில்லை. "அத்தை அப்படிப்பட்டவுக இல்ல" என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குப் பாளையம்பட்டிக்கு வந்துவிட்டாள். வந்தவளுக்கு மூன்றாவதாக வயிற்றில் தங்கியது. கூடவே அந்த முறுக்கும் வந்தது. இந்தப் பிள்ளையும் போய்விடுமோ என்று ஞானப்பூ மாதா படத்துக்கு முன்னால் ஜெபமாலையும் கையுமாகக் கிடந்தாள். இதுவும் போனால் சவுந்தரத்தின் உடம்பு தாங்காது என்பது அவளைப் பார்த்தாலே தெரிந்தது.

சேதி கேட்டுத் தெரசாள், பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடுகிற கரி பஸ்ஸில் வந்து இறங்கினாள். வெயிலில் வந்த சம்மந்தியாயிற்றே என்று ஞானப்பூ பூட்டைத் திறந்து, அபூர்வமாக வேற்றாளுக்கு ஒரு சொம்பு மழைத் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து நீட்டினாள். தெரசாள் வாங்கவில்லை.

"எம்மகளைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன். இந்த வீட்டுல இனிமே பச்சத் தண்ணி எம்பல்லுல படாது" என்றாள்.

வாசலில் நின்ற தெருக்காரர்கள் எல்லோரும் கேட்டார்கள். ஒரு வீட்டில் தண்ணீர் குடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டால் எங்கள் பக்கத்தில் அதற்குமேல் சண்டை போட ஒன்றும் இல்லை. ஞானப்பூ நீட்டிய சொம்போடு அப்படியே நின்றாள்.

செல்வதுரைதான் நடுவில் புகுந்து, பந்தல்குடிக்குப் போகிற வழியில் டவுனில் மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று எல்லோரையும் கிளப்பினான். டாக்டரம்மா சவுந்தரத்தின் கண்ணைப் பார்த்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார். உதட்டை விலக்கி ஈறைப் பார்த்தவர் அங்கேயே நின்றுவிட்டார். பல் ஓரத்து ஈறில் மையால் கோடு இழுத்தது போல ஒரு நீலம் ஓடியது.

"இவுங்க அச்சாபீஸ்ல ஏதும் வேலை பாக்குறாங்களா?" என்று கேட்டார்.

"வீட்டு வாசலைத் தாண்டுறதில்ல அம்மா" என்றான் செல்வதுரை.

"நாட்டு மருந்து, பஸ்பம் ஏதாவது?"

இல்லை என்றார்கள். டாக்டரம்மா கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"உடம்புல ஈயம் ஏறியிருக்கு. அது விஷம். எங்கேயிருந்தோ கொஞ்சம் கொஞ்சமா உள்ள போயிட்டே இருக்கு. அது நின்னாத்தான் பிள்ளை தங்கும், தாயும் பிழைப்பா."

விஷம் என்ற சொல்லுக்குப் பிறகு தெரசாளுக்கு எதுவும் காதில் விழவில்லை. சோலையம்மாள் சொன்னதையே படித்த டாக்டரும் சொல்லிவிட்டார் அல்லவா? அவள் ஞானப்பூவைத் திரும்பிப் பார்த்த பார்வையைப் பார்த்துவிட்டு, யாரோ வேண்டுமென்று கொடுத்ததாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை என்று டாக்டரம்மா சொன்னார். அதை யார் கேட்டார்கள்?

"சமையல் யார் செய்றது?"

"நான்தான்" என்றாள் ஞானப்பூ. "நான் திங்கிறதைத்தான் அவளும் திங்கிறா. ஒரே சட்டி, ஒரே அகப்பை."

"தண்ணி?"

ஞானப்பூ நிமிர்ந்து உட்கார்ந்தாள். "தண்ணியைப் பத்தி நீங்க கவலையே பட வேண்டாம்மா. அவளுக்கு உப்புத் தண்ணியே குடுக்கிறதில்ல. மழைத் தண்ணி. வானத்துல இருந்து விழுந்த தண்ணி."

"ரொம்ப நல்லது" என்றார் டாக்டரம்மா.

டாக்டரம்மாவைக் குற்றம் சொல்ல முடியாது. அந்த வட்டாரத்தில் பானையும் குடமும் இருக்கும். மண்ணுக்கடியில் குழாய் ஓடுகிற வீட்டை அவர் எங்கே கண்டார்? பிள்ளை பிறக்கிறவரை அம்மா வீட்டிலேயே இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பினார். தெரசாள் மகளைக் கூட்டிக்கொண்டு பந்தல்குடி பஸ் ஏறினாள். போன வேகத்தில் மாமியார்க்காரி ஈயத்தைக் காய்ச்சி ஊற்றிய கதை பந்தல்குடி முழுக்கப் பரவி, அங்கிருந்து பருத்தி வண்டிகளில் ஏறிப் பாளையம்பட்டிக்கும் வந்து சேர்ந்தது.

ஞானப்பூ அடுப்படியைத் தலைகீழாகப் புரட்டினாள். ஈயம் பூசிய பாத்திரங்களை எல்லாம் மச்சில் ஏற்றினாள். மிளகாய்த்தூளைக் கொட்டினாள். பழைய உப்பு ஜாடியை உடைத்தாள். தினமும் கழுவிய அதே கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தெருவில் போகும்போது பெண்கள் பேச்சை நிறுத்துவது அவளுக்குத் தெரிந்தது. அது வலிக்கவும் செய்தது. அதைவிடப் பெரிய கவலை ஒன்று அவளை அரித்தது. பந்தல்குடிக் கிணறும் உப்புக் கிணறுதானே? வாயும் வயிறுமாக இருக்கிறவள் அதைக் குடித்தால் பிள்ளை என்னாகும்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் குழாயில் ஒரு பித்தளைக் குடம் தண்ணீர் பிடித்து, வாயை வெள்ளைத் துணியால் கட்டி, மகனிடம் கொடுத்துவிட்டாள். கரி பஸ்ஸில் மடியில் குடத்தை வைத்துக்கொண்டு போன செல்வதுரையைப் பார்த்து ஊர் சிரித்தது. பந்தல்குடியில் தெரசாள் குடத்தை வாசலிலேயே மறித்தாள். முகர்ந்து பார்த்தாள். கண்ணாடித் தம்ளரில் ஊற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கடைசியில் ஒரு கோழிக்கு வைத்துப் பார்த்தாள். கோழி குடித்துவிட்டுக் குப்பையைக் கிளறப் போனது. மறுநாள் முட்டையும் இட்டது. மழைத் தண்ணீரில் யார் என்னத்தைக் கலந்துவிட முடியும் என்று தெரசாளுக்கே தோன்றியது. மகளைக் குடிக்க விட்டாள். ஞாயிறுதோறும் குடம் போயிற்று.

தேறிக்கொண்டு வந்த சவுந்தரத்துக்கு மறுபடியும் வயிறு முறுக்கத் தொடங்கியது.

சேதி கேட்டு வாரத்தின் நடுவில் பந்தல்குடிக்குப் போன செல்வதுரை, போன வேகத்தில் திரும்பி வந்தான். ஞானப்பூ கிணற்றில் இறைத்துக்கொண்டிருந்தாள். மகன் முகத்தைப் பார்த்ததும் கயிற்றை விட்டுவிட்டாள். வாளி உள்ளே விழுந்த சத்தம் கேட்டது.

"வலி வந்துருச்சும்மா. எந்திரிக்க முடியாமப் படுத்திருக்கா."

"அங்க யாரு சமைக்கிறது?"

"அத்தைதான்."

"நம்ம வீட்டுப் பண்டம் ஏதும் போச்சா?"

"அவுக விடுவாகளா? நம்ம வீட்டு உப்பு மிளகாகூட அங்க நுழைய முடியாது."

ஞானப்பூ கிணற்றுக் கல்லில் உட்கார்ந்தாள். "அப்ப எங்கையில இருந்து என்ன போச்சு அங்க?"

இரண்டு பேரும் அடுப்படிச் சுவரைப் பார்த்தார்கள். பித்தளைத் திருகும் அதில் தொங்கிய பூட்டும் வெயிலில் மின்னின. ஈயக் குழாய் என்று தெருவுக்கெல்லாம் சொல்லிச் சொல்லிப் பூரித்தது அவர்கள் வாய்தான்.

"அவ ஒருத்திதான் அதைக் குடிச்சா" என்றாள் ஞானப்பூ. "நீ குடிக்கல. நான் குடிக்கல. எம்பிள்ளைக்கு மட்டும் குடுத்தேன்."

செல்வதுரை அம்மாவின் பக்கத்தில் குத்தவைத்தான். அவன் கெட்டவன் இல்லை. பயந்தவன். "இனிமே குடம் போகலைன்னா சரியாப் போயிரும்மா. நான் ஏதாவது சாக்குச் சொல்லிக்கிறேன். வெளிய சொன்னா மருந்து வச்சது நெசம்னு ஆயிரும். சாகுற மட்டும் உனக்கு அந்தப் பேருதான் நிக்கும்."

"குடம் எங்க?"

"அங்கதான் இருக்கு. பாதித் தண்ணி மிச்சம்."

ஞானப்பூ எழுந்து சேலையை உதறினாள். "தெரசா அதை மகளுக்குன்னு பொத்தி வச்சிருப்பா. எம்பேரைக் காப்பாத்துறதுக்கு அவ அந்தப் பாதியையும் குடிக்கணுமாய்யா? பஸ்ஸுக்குக் கெளம்பு."

போகிற வழியில் டாக்டரம்மாவிடம் இறங்கினார்கள். குழாய் என்றதும் அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார். "உங்க ஊர்லயா? நான் அதைக் கேட்டிருக்கணும்" என்றார். பிறகு நிதானமாகச் சொன்னார். மழைத் தண்ணீர் மென்மையானது. ஈயத்தை அரித்துத் தனக்குள் கரைத்துக்கொள்ளும். குழாய்க்குள் எவ்வளவு நேரம் நிற்கிறதோ அவ்வளவுக்குச் சேரும். இராத்திரி முழுக்க நின்ற தண்ணீர்தான் ரொம்ப மோசம்.

"காலையில முதல் சொம்பு" என்றாள் ஞானப்பூ.

"ஆமா. நெறையத் திறந்து விட்டிருந்தாக்கூட இவ்வளவு சேர்ந்திருக்காது. ஒரு சொம்பு, ஒரு சொம்பாப் பிடிச்சதால எப்பவுமே குழாய்ல நின்ன தண்ணிதான் வந்திருக்கு."

"எங்க ஊரு உப்புத் தண்ணி ஓடியிருந்தா?"

டாக்டரம்மா சொல்லத் தயங்கினார். "அது குழாயோட உள்பக்கத்துல ஒரு படிவு மாதிரி பிடிச்சுக்கும். இவ்வளவு கேடு செஞ்சிருக்காது."

மூக்கம்மாளுக்கு ஒரு குடம் கொடுத்திருந்தால், மகனுக்கு ஒரு சொம்பு விட்டிருந்தால், தெருவுக்கே வாரி விட்டிருந்தால். பந்தல்குடி போகிறவரை பஸ்ஸில் ஞானப்பூவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. துடைக்கவும் இல்லை.

தெரசாள் வீட்டு முற்றத்தில் உச்சி வெயில். மகளுக்கு உடம்பு சரியில்லை என்று பார்க்க வந்த பெண்கள் நிழலோரமாக உட்கார்ந்திருந்தார்கள். மருந்து வைத்த மாமியார் நேரில் வந்து நிற்பதைப் பார்த்ததும் பேச்சு அடங்கியது. ஞானப்பூ முற்றத்து நடுவில் நின்றாள். நிழலுக்குப் போகவில்லை.

"மதினி" என்றாள். "நீங்க ஊர்ல சொன்னது நெசந்தான். விஷம் எங்கையாலதான் போயிருக்கு."

தெரசாள் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க வீட்டுக் கொழா ஈயம். அதுல நின்ன தண்ணியைத்தான் நல்ல தண்ணின்னு கல்யாணமான நாள்ல இருந்து குடுத்துட்டு வந்திருக்கேன். போன ரெண்டு பிள்ளையும் அதுலதான் போச்சு. எனக்குத் தெரியாது. தெரியாதுன்னு நீங்க நம்பணும்னு நான் கேக்க வரல. அந்தக் குடத்தை எடுத்துக் குடுங்க."

யாரும் அசையவில்லை. உள்ளேயிருந்து சவுந்தரமே சுவரைப் பிடித்துக்கொண்டு குடத்தை இழுத்து வந்தாள். ஞானப்பூ வாங்கி, முற்றத்து ஓரத்தில் அப்படியே கவிழ்த்தாள். வானம் பார்த்த பூமி அது; மழைத் தண்ணீரை மண்ணில் கொட்டுவதை அங்கே யாரும் பார்த்ததில்லை. ஒரு கிழவி வாய்விட்டு "ஐயோ" என்றாள். ஈரத்தைப் பார்த்துக் கோழிகள் ஓடி வந்தன. ஞானப்பூ குனிந்து ஒவ்வொன்றாக விரட்டினாள். தண்ணீர் முழுதும் மண்ணுக்குள் இறங்கும்வரை அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

"உக்காருங்க அத்தை. தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றாள் சவுந்தரம்.

ஞானப்பூ தெரசாளைப் பார்த்தாள். தெரசாள் தலையைத் திருப்பிக்கொண்டாள். தெரியாமல் செய்ததுதான் என்று அவளுக்குப் புரியாமல் இல்லை. ஆனால் இரண்டு பேரக் குழந்தைகளைப் பறிகொடுத்தவளுக்கு அவ்வளவு சீக்கிரம் கை நீளுமா?

"உங்கம்மா குடுக்கட்டும் தாயி. அன்னைக்குக் குடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, நாக்கு ஒட்ட ஒட்ட அந்த வெயிலில் திரும்பி நடந்தாள்.

மறுநாளே செல்வதுரை குழாயைத் தோண்டி எடுத்தான். ஆலைக்காரர்கள் அதை உருக்கித் தராசுக்கு எடைக்கட்டியாக வார்த்துக்கொண்டார்கள். தொட்டித் தண்ணீரைச் சொம்பால் மோந்து குடித்தால் கேடில்லை என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஞானப்பூ அதைத் தொடவில்லை. மூக்கம்மாளைக் கூப்பிட்டு, "மோந்துட்டுப் போ, பருப்பு வேகட்டும்" என்றாள். மூக்கம்மாள் பழைய பேச்சைச் சொல்லிக்காட்டலாம் என்று வாயைத் திறந்தவள், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். பூட்டும் சாவியும் குப்பைக்குப் போயின. ஊர் என்னவோ எதிர்பார்த்தபடிதான் பேசியது. ஞானப்பூ யாரிடமும் விளக்கம் சொல்லவில்லை.

பந்தல்குடியில் சவுந்தரம் உப்புத் தண்ணீரைக் குடித்தாள். வலி விட்டது. ஈறில் இருந்த கோடு மங்கியது. புரட்டாசியில் பெண் குழந்தை பிறந்தது. எலிக்குஞ்சு போல அவ்வளவு சிறியது. ஆனால் அழுத அழுகை நாலு வீட்டுக்குக் கேட்டதாகச் செல்வதுரை வந்து சொன்னான். ஞானப்பூ அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். போய்ப் பார்க்கத் துடித்தாள். கூப்பிடாத வீட்டுக்கு எப்படிப் போவது? பிள்ளையைக் கொண்டுவந்து விடுவார்களா, விட மாட்டார்களா என்பதே அவளுக்குத் தெரியவில்லை. அதைக் கேட்க அவளுக்கு வாயும் இல்லை.

மார்கழிப் பனி விலகி வெயில் ஏறிய ஒரு நாள், வாசலில் வண்டி நின்றது. சவுந்தரம் இறங்கினாள். பின்னால் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு தெரசாளும் இறங்கினாள். தெரு வாசலுக்கு வந்து நின்றது. அதற்கு மறதி ஏது? பச்சைத் தண்ணீர் பல்லில் படாது என்று சொன்ன இடம் அதுதான்.

ஞானப்பூ பாய் விரித்தாள். பிள்ளையைத் தூக்கக் கை நீட்டியவள், பாதியில் கையை இழுத்துச் சேலையில் துடைத்துக்கொண்டு சுவரோரம் போய் நின்றாள். சவுந்தரம்தான் பிள்ளையை வாங்கி அவள் கையில் வைத்தாள். கனமே இல்லாத அந்தப் பிள்ளையை வைத்துக்கொண்டு அவள் நின்ற நிலையை என்னால் சொல்லி முடியாது.

"மதினி, வெயில்ல வந்திருக்கோம்" என்றாள் தெரசாள். "தண்ணி குடுங்க."

"பானை அந்தா இருக்கு. கிணத்துத் தண்ணிதான். நீங்களே மோந்து குடிங்க மதினி. எங்கை வேண்டாம்."

"பானை எங்க இருக்குன்னு நான் கேக்கல."

ஞானப்பூ பிள்ளையைச் சவுந்தரத்திடம் கொடுத்தாள். பானையில் மோந்தாள். அண்ணாந்து தான் ஒரு மடக்குக் குடித்துவிட்டு, சொம்பை நீட்டினாள். தெரசாள் வாங்கி, ஒரே மூச்சில் அடிவரைக்கும் குடித்தாள்.

"உப்பா இருக்குல்ல?" என்று கேட்டாள் ஞானப்பூ.

"உப்புத்தான்" என்று தெரசாள் காலிச் சொம்பைத் திருப்பி நீட்டினாள். "இன்னொரு சொம்பு குடுங்க."